மேலே எதுவும் வைக்காதீர்கள்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்து நாலு, குருவுக்கு இருபத்தெட்டு. இருவருக்குமே தாடி கிடையாது. சீடருக்கு மீசை உண்டு. ஆபீஸ் வேலைக்கு மாறிய பிறகு அதையும் அவர் சரியாகக் கவனிப்பதில்லை.

சீடர் பெயர் அருமைநாயகம். தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தவர். எந்தப் பெட்டியைக் கீழே போடுவது, எதை மேலே ஏற்றுவது என்று தூரத்தில் நின்று பார்த்தே சொல்லிவிடுவார். முழங்கால் தேய்ந்துபோனதும் ஆபீசுக்குள் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலிக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

கம்ப்யூட்டரில் அவருக்குப் பழக்கமில்லாத ஒரு சாஃப்ட்வேர். கன்டெய்னருக்குள் எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று அது கலர் கலராகப் படம் போட்டுக் காட்டும். ஆனால் தானாக அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சரக்கை எத்தனை அடுக்கு வைக்கலாம், இதன் மேல் எது உட்காரலாம், எது கூடாது என்று ஒரு ஆள் உட்கார்ந்து விதி எழுதிக் கொடுக்க வேண்டும். அருமைநாயகத்தின் புது வேலை அதுதான்.

"பதினோரு கம்பெனி சரக்கு இருக்கு. பாத்துக்கிடுவீங்கல்லா?" என்று மேனேஜர் முதல் நாளே கேட்டார்.

"பாத்துக்கிடலாம் சார்" என்றார் அருமைநாயகம். மேனேஜர் அப்படிக் கேட்டால் வேறு என்ன சொல்ல முடியும்?

சொல்லிக்கொடுக்க வந்தவள் ஜெசிந்தா. மூன்று வருடமாக இதே வேலையில் இருப்பவள், இந்தப் பிரிவுக்குப் பொறுப்பும் அவள்தான். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், ஏதாவது ஒரு வேலை சொல்லுவாள். அருமைநாயகம் அவளை மேடம் என்று கூப்பிடுவார். அவருடைய மகளைவிட இரண்டே வயது மூத்தவள் என்பதால், அந்த 'மேடம்' தொண்டையில் கொஞ்சம் சிக்கிக்கொண்டுதான் வெளியே வரும்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அருமைநாயகம் ஒரு கவரைக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்தார்.

"என்னது அண்ணாச்சி?"

"லெட்டர். மேனேஜர்ட்ட நீங்களே குடுத்திருங்க."

பிரித்துப் படித்தாள். இந்தப் பொறுப்பை ஏற்கத் தனக்குச் சக்தி இல்லை, தன்னை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. வெளியே மேஸ்திரி வேலைக்குத் திரும்பலாம் என்றால் முழங்கால் விடாது. இந்த நாற்காலியை விட்டால் நேரே வீடுதான். அது இருவருக்கும் தெரியும்.

"என்ன ஆச்சு?"

"வந்து பாருங்க."

அருமைநாயகத்தின் ஸ்கிரீனில் அன்றைய கன்டெய்னர் தெரிந்தது. துபாய் போகிறது. ஏழு கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்ளும் கன்டெய்னர். படத்தில் தரை முழுக்கப் பெட்டிகள் நெருக்கியடித்து நின்றன. பெட்டிகளுக்கு மேலே கூரை வரைக்கும் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: அப்பளம், 56 பெட்டி, இடமில்லை.

"துபாய்க்குக் காத்து அனுப்புதோம் போல" என்றாள் ஜெசிந்தா.

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த அப்பளக்கார அம்மாவுக்கு இதுதான் முதல் ஆர்டர். இந்தக் கப்பலை விட்டா அடுத்தது பன்னிரண்டு நாள் கழிச்சு. அதுக்குள்ள அங்க கடைக்காரன் வேற ஆளைப் பிடிச்சிருவான். வேனை ஏத்தாதீங்க, நிறுத்தி வைங்கன்னு இப்பதான் போன்ல சொன்னேன். அந்தம்மா ஒரு வார்த்தை பேசல. கேட்டுக்கிட்டே இருந்துட்டு வெச்சிட்டாங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

"விதியெல்லாம் எப்படி எழுதுனீங்க?"

அருமைநாயகம் ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தார். அவரே தயாரித்த படிவம். ஒவ்வொரு கம்பெனிக்கும் அனுப்பி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்தது ஒரே கேள்வி. 'உங்கள் பெட்டியின் மேல் வேறு பெட்டி வைக்கலாமா?'

ஊறுகாய் கம்பெனி, இல்லை என்று எழுதியிருந்தது. கடலைமிட்டாயும் இல்லை. எவர்சில்வர் பாத்திரக் கம்பெனி, இல்லை என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தது. தென்னைநார் மிதியடி செய்கிறவர்கள்கூட, மேலே எதுவும் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலால் மிதிப்பதற்கென்றே செய்த சாமான் அது.

"எல்லாருமே இல்லைன்னா நான் என்ன செய்ய மேடம்? அவங்க சொன்னதை அப்படியே ஏத்துனேன்" என்றார் அருமைநாயகம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடம் கண்ணை நம்பிய மனுஷன் காகிதத்தை நம்ப ஆரம்பித்ததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஒரு கன்டெய்னரில் எண்ணெய் டின்களுக்கு மேல் மரப்பெட்டிகளை ஏற்றச் சொன்னார். டின்கள் நசுங்கின. யார் சொல்லி வைத்தீர்கள் என்று கேட்டு மெமோ வந்தது. காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஆதாரம் கேட்பார். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு விதிக்கும் கீழே, 'விதி சொன்னவர்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாக் கட்டத்திலும் 'படிவம்' என்றே போட்டு வைத்திருந்தார்.

"எந்த விதியை எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. எடுத்திருதேன்" என்றார்.

ஜெசிந்தா ஃபைலை மூடினாள்.

"அப்பளக் கம்பெனி எங்க இருக்கு?"

"முத்தையாபுரத்துல. ஸ்கூட்டர்ல போனா பத்து நிமிஷம்."

"போய் ஒரு அப்பளம் வாங்கிட்டு வாங்க."

அருமைநாயகம் அவள் முகத்தைப் பார்த்தார். கிண்டல் மாதிரி தெரியவில்லை.

"ஒரு அப்பளமா?"

"ஒண்ணு போதும். ஆனா அவங்க குடுக்கதை வாங்கக் கூடாது. அனுப்பப் போற பெட்டியில இருந்து நீங்களே எடுக்கணும். இருக்கதுலயே அடியில இருக்க பெட்டி எதுவோ, அதுல அடியில இருக்க அப்பளம்."

"இந்த லெட்டர்?"

"கன்டெய்னருக்கு எத்தனை மணிக்கு சீல் வைக்கணும்?"

"அஞ்சு மணிக்கு."

"அதுக்கப்புறம் பாப்போம்." கவரை டிராயரில் போட்டு மூடினாள்.

அப்பளக் கம்பெனி என்பது அதை நடத்தும் முத்துக்கனியின் வீட்டை ஒட்டிய ஒரு நீளமான ஷெட். அருமைநாயகத்தைப் பார்த்ததும் முத்துக்கனி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஏதோ நல்ல சேதி என்று நினைத்துவிட்டாள். அது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"இடம் கிடைச்சிட்டா அண்ணாச்சி?"

"இன்னும் இல்லம்மா. பாத்துக்கிட்டு இருக்கோம்."

"மேல மட்டும் எதையும் வெச்சிராதீங்க. அப்பளம்லா. கை பட்டாலே நொறுங்கிரும்."

"பெட்டியெல்லாம் எங்க?"

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். சுவரோரம் ஐம்பத்தாறு பெட்டிகளும் நின்றன. எட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் ஏழு அடுக்கு. ஓரத்து வரிசையின் தலையில் ஒரு உளுந்து மாவு மூட்டை உட்கார்ந்திருந்தது.

அருமைநாயகம் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எத்தனை கிலோ?"

"இருபத்தஞ்சு. கீழ வெச்சா எலி வருது அண்ணாச்சி."

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"பேக் பண்ணி இருபது நாள் இருக்கும். இதுக்கு மேல பரத்தி வைக்க இடம் எங்க இருக்கு? நடக்கவும் வழி வேணும்லா."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அங்கே வேலை பார்த்த இரண்டு பெண்கள் மூட்டையை இறக்கிக் கொடுத்தார்கள். ஆறு பெட்டிகளை அவரே ஒவ்வொன்றாக இறக்கினார். நாலாவதில் முழங்கால் சுள்ளென்றது, நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை இறக்கினார். ஏழாவது பெட்டியைப் பிரித்து, அடியில் இருந்த அப்பளக் கட்டை உருவி, அந்தக் கட்டின் அடியிலிருந்து ஒரே ஒரு அப்பளத்தை எடுத்தார். முத்துக்கனி பதறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதும் குறையா அண்ணாச்சி?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. இதை மட்டும் மறுபடி கட்டி ஒட்டி வைங்க. போன் பண்ணுதேன்."

அப்பளத்தைச் செய்தித்தாளில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைக்காமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டி வந்தார். வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டார்.

ஆபீசில் பேப்பரைப் பிரித்து ஜெசிந்தா முன்னால் வைத்தார். அவள் அப்பளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"ஓரம்?"

"ஓரம்கூடப் போகல."

"இதுக்கு மேல என்ன இருந்துச்சு?"

"ஆறு பெட்டி. அதுக்கு மேல ஒரு மாவு மூட்டை. இருபது நாளா."

"படிவத்துல அந்தம்மா என்ன எழுதியிருக்காங்க?"

"மேல எதுவும் வைக்கக் கூடாதுன்னு."

"பொய் சொல்லியிருக்காங்களா?"

மின்விசிறிக் காற்றில் அப்பளம் நகர்ந்தது. அருமைநாயகம் அதை விரலால் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா மேல தப்பு இல்ல" என்றார். "நான் கேட்டது அப்படி."

ஜெசிந்தா தன் வேலைக்குத் திரும்பினாள். அருமைநாயகம் போனை எடுத்தார். ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டு, மேலே வைக்கலாமா என்ற பேச்சையே எடுக்காமல், "உங்க குடோன்ல இந்தப் பெட்டியை எத்தனை அடுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

ஊறுகாய்க்காரர் ஆறு என்றார். லாரி வரத் தாமதமானால் எட்டும் வைப்போம் என்று பெருமையாக வேறு சொன்னார். பாத்திரக் கம்பெனியில் ஒன்பது. பனியன் கம்பெனியில் போனை எடுத்தவர், கூரை உத்தரம் வரைக்கும் என்றார். மிதியடிக் கட்டுகளின் மேல் வாட்ச்மேன் படுத்துத் தூங்குகிறாராம். கேட்கக் கேட்க அருமைநாயகத்துக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை பேரும் முத்திரை குத்தி அனுப்பிய 'இல்லை'யை ஒரு மாதமாக ஃபைலில் பூட்டி வைத்துக் காவல் காத்திருக்கிறார்.

கடைசியாகச் சிப்பி பொம்மை செய்கிறவர். நாலே பெட்டி.

"அடுக்கவே மாட்டோம் அண்ணாச்சி" என்றார் அவர். "வீட்டுலயும் ஒண்ணு பக்கத்துல ஒண்ணாத்தான் வெச்சிருக்கோம். கட்டில்ல வெச்சிட்டு நாங்க தரையில படுத்துக்கிடுதோம்."

அருமைநாயகம் அந்தப் படிவத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"மேடம், இந்த ஒருத்தர் சொன்ன இல்லைதான் நிஜமாவே இல்லை" என்றார். ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மணி இரண்டரை. ஒவ்வொருவரும் சொன்ன எண்ணிக்கைப்படி விதிகளை மாற்றினார். கடைசியாக அப்பளம் என்று இருந்த வரிக்கு வந்து ஏழு என்று தட்டினார். சிவப்பு எழுத்து மறைந்தது. படத்தில் ஐம்பத்தாறு பெட்டிகளும் ஏழு ஏழாக ஏறி நின்றன. மேலே நிறைய இடம் மிச்சம்.

"ஏறிட்டு மேடம்!"

ஜெசிந்தா வந்து பார்த்தாள்.

"ஏழா?"

"அந்தம்மா வீட்டுல ஏழு. நானே எண்ணிப் பாத்தேன்."

"அவங்க வீடு ஆடுமா அண்ணாச்சி?"

அருமைநாயகம் படத்தைத் திரும்பப் பார்த்தார். இருபத்தாறு வருடமாகத் திரும்பி வந்த கன்டெய்னர்களின் கதவைத் திறந்து பார்த்தவர் அவர். உள்ளே தகரம் வேர்த்திருக்கும். அட்டைப்பெட்டி நமுத்துப்போய் இடுப்பு ஒடிந்து நிற்கும். அதெல்லாம் அவருக்குத் தெரியாததா?

"கப்பல் ஆடும்" என்றார். "உள்ள வேர்க்கும். பதினெட்டு நாள். வீட்டுல தாங்குனது அங்க தாங்காது."

"அப்போ எத்தனை?"

"பாதிக்கும் கீழ. மூணு. அதுவும் மிதியடிக் கட்டு மேலதான் வைக்கணும். கீழ மெத்துனு இருக்கும், வேர்வையும் தொடாது. சிப்பி பெட்டி எல்லாத்துக்கும் மேல."

"யாரு சொன்னா?"

அவர் தன்னையறியாமல் ஃபைலைப் பார்த்தார். அதில் எந்தத் தாளிலும் மூன்று என்று இல்லை. முத்துக்கனி சொல்லவில்லை, சாஃப்ட்வேர் சொல்லவில்லை, இதோ நிற்கிற மேடமும் சொல்லவில்லை. மெமோ வந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்தது.

"நான்தான் சொல்லுதேன்" என்றார்.

"அப்போ அதைப் போடுங்க."

'விதி சொன்னவர்' என்ற கட்டத்தில் 'படிவம்' என்று இருந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். தன் பெயரை ஒற்றை விரலால் தட்டினார். நீளமான பெயர். ஒரு இடத்தில் பிழை வந்து, திருத்தி மறுபடி தட்டினார். அப்புறம் மற்ற வரிகளுக்குப் போனார். ஊறுகாய்க்காரரின் ஆறையும், பாத்திரக்காரரின் ஒன்பதையும், பனியன்காரரின் உத்தரத்தையும் கப்பலுக்கு ஏற்றபடி குறைத்தார். ஒவ்வொன்றிலும் தன் பெயரைப் போட்டார். கடைசியில் படம் வந்தபோது எல்லாச் சரக்கும் உள்ளே இருந்தது, கூரைக்கு ஒரு சாண் மிச்சம். முத்துக்கனிக்குப் போன் போட்டு வேனை ஏற்றச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ அழுகிற மாதிரி கேட்டது. அவர் போனைச் சட்டென்று வைத்துவிட்டார்.

வேன் வந்து, பெட்டிகள் ஏறி, ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது சீல் வைத்தார்கள். அருமைநாயகம் வெளியே நின்று ஏற்றுவதைக் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். முகம் தெளிந்திருந்தது. உட்காரும்போது மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"மேடம், அந்த லெட்டர்."

ஜெசிந்தா டிராயரைத் திறந்து கவரை எடுத்தாள். அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு கன்டெய்னர் சரியாயிட்டு. அதுக்காக எல்லாம் சரியாயிட்டுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "பதினோரு கம்பெனிக்கும் இப்படி ஓடணும்னா என்னால ஆகாது. லெட்டர்ல எழுதுனது எழுதுனதுதான்."

"ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. வீட்டுல உங்க மேல எத்தனை அடுக்கு இருக்கு?"

அருமைநாயகம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும், விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"மாமியா இடுப்பு எலும்பு ஒடிஞ்சு படுத்திருக்காங்க. வீட்டுக்காரிக்கு சுகர். மக பிரசவத்துக்கு வந்திருக்கா. மருமகனுக்கு இப்ப வேலை இல்ல, அவரும் நம்ம வீட்டுலதான். தம்பி வெளியூர்ல இருக்கான், அவன் வீட்டுக் கட்டுமானத்தை நான்தான் பாக்கேன். சர்ச்சுல ஊருக்கே போடுத அசனச் சாப்பாடு இந்த வருஷம் என் பொறுப்பு." மடக்கிய விரல்களைப் பார்த்தார். "ஆறு."

"மாவு மூட்டை?"

"எது?"

"அதுக்கு மேல ஒரு மூட்டை இருக்குமே."

அவர் கை தானாக முழங்காலுக்குப் போனது.

"இருக்கு" என்றார்.

ஜெசிந்தா லெட்டரைக் கவரிலிருந்து எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். பின்பக்கத்தில் மூன்று பெயர் எழுதினாள். அப்பளம். ஊறுகாய். சிப்பி பொம்மை.

"இங்க உங்களுக்கு மூணு. மீதி எட்டு கம்பெனியையும் நாளைக்கு மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்திருதேன்."

அருமைநாயகம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் அவருடைய முத்தான கையெழுத்து லேசாகத் தெரிந்தது.

"பதினொண்ணையும் பாத்துக்கிடலாம்னு மேனேஜர்ட்ட சொன்னது நான்தான் மேடம்."

"அவர் கேட்டது அப்படி."

"இப்ப திடீர்னு மூணுன்னா, யாரு சொன்னான்னு கேப்பாரே. என்ன காட்டுவேன்?"

ஜெசிந்தா பேனாவை மூடி, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"விதி சொன்னவர்ல என் பேரைப் போடுங்க அண்ணாச்சி."